சென்னைத் தெருவில் நாட்டு மரம் வைத்து நிலைக்கச் செய்வது: முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் 22 கன்றுகளை நட்டோம். பொங்கலன்று எண்ணிப் பார்த்தபோது 5 மட்டுமே நின்றன. கேபிள் பதிக்கத் தோண்டியதில் 6 போயின. வேரைச் சுற்றியிருந்த கறுப்புப் பையைக் கழற்றாமலே புதைத்ததால் 5 வாடின. மாடும் ஆடும் 4 கன்றுகளை மேய்ந்துவிட்டன. கடைப் பலகையை மறைக்கும் என்று கருதிய யாரோ இரவோடு இரவாக 2 கன்றுகளைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் செத்தது ஒன்றுகூட இல்லை. வெயில் காலம் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

அதன்பின் எங்கள் தெருவிலும், புதிதாகத் தொடங்கிய வேறு தெருக்களிலும் உடன் நின்று பார்த்ததில், பெரும்பாலான இழப்புகளுக்கு வரிசை மாறிப்போவதே காரணம் என்று தெரிந்தது. கன்றை முதலில் வாங்கிவிட்டு, இடத்தையும் ஆளையும் அனுமதியையும் பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் கன்று வாங்குவது ஐந்தாம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய நான்கு படிகளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. சாலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று அறிதல்

சென்னை மாநகராட்சி பல மண்டலங்களாகவும் 200 வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. உங்கள் தெருவின் மண்டலத்தையும் வார்டு எண்ணையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் இல்லாத கடிதம் மேசையை விட்டு நகராது.

உட்தெருக்களை மண்டல அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித்துறை உண்டு. அண்ணா சாலை போன்ற சில பெருஞ்சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளன. ஆகவே தெருமுனையில் இருக்கும் உங்கள் வீட்டின் ஒரு பக்கச் சுவர் ஒரு துறையையும் மறுபக்கச் சுவர் வேறொரு துறையையும் பார்த்து நிற்கக்கூடும்.

மரத்தைப் பூங்காத் துறையும், நடைபாதையையும் வடிகாலையும் வார்டுப் பொறியாளரும் கவனிக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

2. தரைக்கு அடியிலும் தலைக்கு மேலும் இருப்பதைப் பார்த்தல்

ஒரு காலை வேளையில் சாக்குக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு தெருவை ஒருமுறை நடந்து முடியுங்கள். இரண்டு பாதாளச் சாக்கடை மூடிகளுக்கு நடுவே நேராகக் கோடு இழுத்தால், அதுவே பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய் செல்லும் வழி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இருக்கும் சிறு தொட்டியிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஒரு கிளை வரும், அதையும் குறியுங்கள். மின்வாரியத்தின் பில்லர் பெட்டி (தெருவோரத்து மின்பகிர்வுப் பெட்டி) இருக்குமிடத்தில் புதைகேபிள்கள் பல திசைகளில் பிரியும் என்பதால், அதன் அருகே கடப்பாரை போடுவது மரத்துக்கு மட்டுமல்லாமல் உங்கள் உயிருக்கும் ஆபத்து.

எந்த வரைபடத்தைவிடவும் அந்தப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்த குடிநீர் வாரியப் பணியாளரும் மின்வாரிய லைன்மேனும் அதிகம் அறிவார்கள். நான் குழிக்குக் கட்டம் போட்டு வைத்திருந்த ஓரிடத்தில் வயதான பணியாளர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “சார், இங்க வேணாம். கீழ மூணடியில மெயின் லைன் போவுது. நாளைக்கு நாங்களே வந்து புடுங்குவோம்” என்றார். கட்டத்தை ஐந்தடி தள்ளிப் போட்டோம். அடுத்த ஆண்டே அந்த இடத்தைத் தோண்டினார்கள். தள்ளி வைத்த பூவரசு இன்றும் நிற்கிறது.

இடைவெளிகளில் நான் பின்பற்றும் அளவுகள் இவை: கழிவுநீர்க் குழாயிலிருந்தும் மூடியிலிருந்தும் குறைந்தது 2 மீட்டர், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து 4 மீட்டர், மின்மாற்றியிலிருந்து 5 மீட்டர், தெருமுனையிலிருந்து 8 மீட்டர். கடைசி அளவு, வளைந்து வரும் வண்டிக்கு எதிரில் வருபவர் தெரியவேண்டும் என்பதற்காக. நடைபாதையில் வைப்பதாக இருந்தால், நடப்பவருக்கு 1.8 மீட்டர் அகலம் மிஞ்சவேண்டும் என்று, சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தரும் வழிகாட்டுதலையும் பாருங்கள். அவ்வளவு அகலம் மிஞ்சாத நடைபாதையில் சக்கர நாற்காலியையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் சாலையில் இறக்கிவிட்டுத்தான் மரம் வளரவேண்டியிருக்கும்; அங்கே வீட்டுச் சுற்றுச்சுவருக்கு உட்புறமாக வைக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கேட்பதே முறை.

3. ஆளும் தண்ணீரும் கடிதமும்

ஒவ்வொரு குழிக்கும் எதிரில் இருக்கும் வீட்டாரிடமோ கடைக்காரரிடமோ வாய்மொழியாகவாவது சம்மதம் பெறுங்கள். இதைத் தவிர்த்துவிட்டுத் தொடங்கும் குழுக்கள்தாம் இரவில் கன்றை இழக்கின்றன. பெரும்பாலும் எழும் மறுப்புகள் மூன்று: இலை விழும், பலகை மறையும், வண்டி நிறுத்த இடம் போகும். மூன்றும் நியாயமானவை. பலகைக்கு நேராக இல்லாமல் இரண்டு கடைகளுக்கு நடுச்சுவருக்கு நேராகக் குழியை நகர்த்துங்கள். வாகனம் நுழையும் சரிவிலிருந்து விலக்குங்கள். இலை விழுவதைப் பற்றிப் பொய் சொல்லாமல், எந்த மரம் எந்த மாதத்தில் இலை உதிர்க்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சம்மதம் கிடைக்காத வாசலை விட்டுவிடுங்கள். பக்கத்து வாசலில் மரம் நிழல் தரத் தொடங்கியதும் அவரே வந்து கேட்பார். எங்கள் தெருவில் இருவர் அப்படிக் கேட்டார்கள்.

அதே பேச்சில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். “எல்லாரும் சேர்ந்து ஊற்றுவோம்” என்ற ஏற்பாட்டில் பிழைத்த கன்றை நான் பார்த்ததில்லை. ஒரு கன்றுக்கு ஒரு பெயர், அவர் ஊருக்குப் போனால் மாற்றுப் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

பிறகு கடிதம். மண்டலப் பூங்காத் துறைக்கும் வார்டுப் பொறியாளருக்கும் முகவரியிட்டு, மாமன்ற உறுப்பினருக்கு நகல் கொடுங்கள். தெருவின் பெயர், வார்டு எண், குழிகளுக்கு எதிரில் உள்ள கதவு எண்கள், மரங்களின் பெயர், கையால் வரைந்த ஒரு படம் ஆகியவை போதும். ஒரு கேள்வியையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்த இரண்டு ஆண்டுகளில் இத்தெருவில் மழைநீர் வடிகால், நடைபாதை, குழாய்ப் பணி ஏதேனும் திட்டமிடப்பட்டுள்ளதா? திட்டம் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டு மறுபக்கத்தில் தொடங்கலாம். பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே கேள்வியைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம்.

கடிதத்தின் நகலில் பெறப்பட்ட தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் மண்வெட்டியுடன் வந்து நிற்கும் காலையில் உங்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான்.

4. இடத்துக்கேற்ற மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் தெருக்களில் நடந்தவர்களுக்கு நினைவிருக்கும். சாலையை மறித்துக் கிடந்தவற்றில் தென்கிழக்காசியாவிலிருந்து வந்த இயல்வாகையும், மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமும் ஏராளம். விரைவாக வளர்ந்து விரைவாக நிழல் தரும் என்பதற்காகவே அவை வைக்கப்பட்டன. இருப்பினும் நாட்டு மரம் என்றால் விழாது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வேரை வெட்டினால் வேம்பும் விழும், ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தால் புங்கமும் சாயும். நாட்டு மரத்தின் ஆதாயம் வேறு: இந்த ஊரின் ஆறு மாத வறட்சியையும் மூன்று மாதப் பெருமழையையும் அது தாங்கும், இங்குள்ள பறவைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அதில் இரை உண்டு.

கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தைத் தமிழ்நாடு அரசு 2025-இல் தடை செய்துவிட்டது. நர்சரியில் பச்சைப்பசேலென்று இருக்கிறது என்று எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தேர்வுக்கு முதலில் மண்ணைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். அண்ணாநகர், பெரம்பூர், மேற்கு மாம்பலம் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை. மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் பூவரசும் புன்னையும் அஞ்சாது. நீர் தேங்கும் களிமண்ணில் நீர்மருதும் நாவலும் தழைக்கும். அங்கே வேம்பை வைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகும். பாறை இருக்குமிடத்தில் வெட்பாலையும் உசிலும் மெல்ல வந்தாலும் நிலைக்கும்.

அடுத்து, மேலே போகும் கம்பி. கம்பிக்கு அடியில் நாவலை வைத்தால் ஒவ்வோர் ஆண்டும் அதன் உச்சி மொட்டையடிக்கப்படும் என்பது உறுதி. அங்கே சரக்கொன்றை, மந்தாரை, வெட்பாலை, பவழமல்லி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கம்பி இல்லாத, 30 அடி அகலமுள்ள உட்தெருவுக்குப் புங்கமும் மகிழமும் பொருந்தும். மகிழம் மிகவும் மெதுவாக வளரும். ஐந்தாம் ஆண்டிலும் அது கன்றைப்போலவே தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் இலை இருக்கும், கட்டை உறுதியானது, கிளை எளிதில் முறியாது. பொறுமையுள்ள ஒருவர் பொறுப்பேற்றால் நான் மகிழத்தையே சொல்வேன்.

நீர்மருது, நாவல், இலுப்பை, வேம்பு ஆகிய பெருமரங்கள் அகலமான சாலைக்கும் பள்ளி வளாகத்துக்கும் பூங்காவுக்கும் உரியவை. நாவலை இருசக்கர வாகனங்கள் விரைந்து செல்லும் சாலையோரத்தில் வைக்கவே வேண்டாம்: பழம் உதிரும் வாரங்களில் தரை எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும். ஆலும் அரசும் ஏரிக்கரைக்கும் திடலுக்கும் போகட்டும்; நடைபாதையில் வைத்தால் முதலில் போவது சுற்றுச்சுவர், பிறகு சாக்கடை, கடைசியில் மரம். முருங்கையைத் தெருவில் வைக்காதீர்கள். அது முறியாத காற்று இந்த ஊரில் இன்னும் வீசவில்லை.

5. காலமும் கன்றும்

ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள், அதாவது ஆடியிலும் ஆவணியிலும், நடுவதே சென்னைக்கு ஏற்றது. சென்னையில் ஆண்டில் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அதற்கு முன்பு மாலை இடிமழை பெய்யும் மாதங்களில் நட்டுவிட்டால், பெருமழையும் புயலும் வருவதற்குள் வேர் ஒரு பிடி பிடித்திருக்கும். நவம்பரில் நட்ட கன்று தளர்ந்த சேற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். ஜூன் 5 அன்று சுற்றுச்சூழல் தினத்துக்காக நடுவதைப் பற்றி ஒன்றே சொல்வேன்: கத்திரி வெயிலின் சூடு தார்ச்சாலையை விட்டு இன்னும் இறங்கியிராத நாள் அது.

கன்றை வனத்துறை நாற்றங்காலிலோ நம்பகமான நர்சரியிலோ நேரில் சென்று எடுங்கள். ஐந்தடிக்குக் குறைந்த கன்று தெருவில் ஆட்டின் வாய்க்கு எட்டும். எட்டடிக்கு மேற்பட்டது பையில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்ததாக இருக்கலாம். பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: கிழித்துக்கொண்டு வெளியேறிய தடித்த வேர் இருந்தால் அது தரையில் ஊன்றிப்போன கன்று, தூக்கும்போதே ஆணிவேர் அறுந்துவிட்டது. மேல்மண்ணை விரலால் விலக்கி, தண்டைச் சுற்றி வேர் பாம்புபோல் வளையமிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வளையம் மரம் பருக்கப் பருக்கத் தன்னைத்தானே இறுக்கும். பத்தாண்டு கழித்து ஒரு காற்றில் அடியோடு சாயும்.

பெயரிலும் விழிப்பு வேண்டும். ‘கொன்றை’ என்று கேட்டால் இயல்வாகையைத் தந்துவிடுவது நர்சரிகளில் நடக்கும். சரக்கொன்றையின் இலையில் உள்ளங்கை நீளமுள்ள பெரிய சிற்றிலைகள் சில இணைகளே இருக்கும். இயல்வாகையின் இலை புளிய இலைபோல் பொடிப்பொடியாகப் பிரிந்திருக்கும். இந்த ஒரு அடையாளம் தெரிந்திருந்தால் போதும்.

6. குழி

குழியைக் கன்று வருவதற்கு ஒரு வாரம் முன்பே வெட்டிவையுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. நீர்மருது போன்றவற்றுக்கு 3 அடி. இந்த ஒரு வாரத்தில் இரண்டு செய்திகள் தெரியவரும். முதலாவது, உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பது. மறுநாளும் நிற்குமானால் அடியைக் கடப்பாரையால் இன்னும் ஓரடி குத்தித் தளர்த்துங்கள், அல்லது மரத்தை மாற்றுங்கள். இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. சென்னையில் நடைபாதைக்கு அடியில் மண் இருக்கும் என்று நம்புவது பேராசை. செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், ஒருமுறை ஒரு முழு வாஷ்பேசின்: இவற்றைத்தான் எடுத்திருக்கிறேன். சிமெண்ட் இடிபாட்டின் சுண்ணாம்புச் சத்து மண்ணைக் கெடுத்து இலையை வெளுக்கச் செய்யும் என்பதால், இடிபாட்டை முழுவதும் அகற்றிவிட்டுச் செம்மண் இரண்டு பங்கும் மக்கிய எரு ஒரு பங்கும் கலந்து நிரப்புங்கள். மாநகராட்சியின் உரமாக்கும் மையம் அருகில் இருந்தால் எருவை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

திறந்த குழியைச் சுற்றிச் சவுக்குக் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டாமல் இரவைக் கடக்காதீர்கள். தெருவிளக்கு அணைந்த இரவில் அதில் ஒருவர் கால் விட்டால், உங்கள் முயற்சி அந்தத் தெருவில் அத்தோடு முடிந்தது.

7. நடுதல்

காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ நடுங்கள். கன்றைப் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி எடுத்தால் வேர்மண் உதிராது. பிறகு பையின் பக்கவாட்டைப் பிளேடால் கீறி, முழுவதும் உரித்து எடுத்து, உரித்த பைகளை ஒரே இடத்தில் குவியுங்கள். நட்டு முடித்ததும் கன்றுகளின் எண்ணிக்கையையும் பைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் இந்த எண்ணிக்கைதான், மேலே சொன்ன 5 கன்றுகளுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு கன்றும் அவ்வாறு போகாமல் காத்தது.

பையில் மண் எந்த அளவில் இருந்ததோ, குழியிலும் தரைமட்டம் அதே அளவில் அமையவேண்டும். ஆழமாகப் புதைத்தால் காற்றில் ஆடாது என்பது பரவலான எண்ணம். புதையும் தண்டுப்பட்டை ஈரத்தில் அழுகத் தொடங்கும், அது இரண்டு ஆண்டு கழித்தே வெளியில் தெரியும். மண்ணைக் காலால் ஓங்கி மிதிக்காமல் கையால் அழுத்தித் தண்ணீர் விட்டு அமர்த்துங்கள்.

முட்டுக்கழியை வேர்மண்ணுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக ஊன்றி, தேங்காய்நார்க் கயிற்றை 8 வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு சற்றே ஆடவேண்டும். ஆடும் தண்டுதான் தடிக்கும். மின்கம்பித் துண்டாலும் பிளாஸ்டிக் நாடாவாலும் கட்டினால் ஒரே ஆண்டில் பட்டைக்குள் புதைந்துவிடும்.

8. இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர்

நட்ட முதல் மாதம் மழையில்லாத நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு குடம். மழைக்காலம் முழுவதும் ஒன்றும் தேவையில்லை. கவனம் தேவைப்படுவது ஜனவரியில் தொடங்குகிறது, ஏனென்றால் மழை நின்றதும் எல்லோரும் கன்றை மறந்துவிடுகிறார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு குடம் ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் நனைத்து, வேரையும் மேலேயே தங்க வைத்துவிடும். அத்தகைய வேர் மே மாத வெயிலில் சுடும், டிசம்பர்க் காற்றில் பிடிக்காது. இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை போதும். அதற்குப் பிறகு புங்கமும் பூவரசும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். மகிழத்துக்கும் புன்னைக்கும் மூன்றாம் கோடையும் ஊற்றுங்கள்.

ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைத் தயங்காமல் ஊற்றலாம். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்து ஒதுக்கும் நீரில், உங்கள் ஆழ்துளைக் கிணறு உப்பாக இருந்தால், உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதை நாள்தோறும் ஊற்றினால் இலை ஓரம் கருகும். சலவை இயந்திரத்தின் சோப்பு நீர் வேண்டாம்.

பிப்ரவரியில் பதற்றத்துடன் வரும் கேள்வி ஒன்று உண்டு: “புங்கம் செத்துவிட்டதா?” புங்கம் அக்காலத்தில் இலையை உதிர்த்துச் சில நாட்கள் மொட்டையாக நின்றுவிட்டுத் தளதளவென்று துளிர்க்கும். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. புங்க இலையில் தோன்றும் கொப்புளங்களும் அதைக் கொல்வதில்லை. மருந்தடித்தால் அதில் இரை தேடும் பூச்சிகளும் அவற்றை உண்ணும் சிட்டுகளும்தான் போகும். வேம்பின் நுனிகள் பனிக்காலத்தில் கருகுவதும் அவ்வாறே. கோடையில் பெரும்பாலும் மீண்டும் துளிர்த்துவிடும்.

9. கூண்டும் அடிப்பாத்தியும்

மாடு மேயும் தெருவில் கூண்டு கட்டாயம். உயரம் ஐந்தடிக்குக் குறையக்கூடாது. மூன்றாம் ஆண்டில் அதைக் கழற்றுவதற்கான தேதியையும் இன்றே எழுதிவையுங்கள். வைப்பவர்கள் ஏராளம், எடுப்பவர்கள் இல்லை. இரும்பு வளையத்தை விழுங்கியபடி நிற்கும் மரங்களை எந்தத் தெருவிலும் காணலாம். கழற்றிய கூண்டு அடுத்த கன்றுக்கு ஆகும்.

தண்டைச் சுற்றிக் குறைந்தது 1 மீட்டர் மண் திறந்திருக்கவேண்டும். தில்லி மரங்கள் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் பிறப்பித்த ஆணையிலும், தண்டைச் சுற்றி 1 மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது என்றே சொல்லப்பட்டது. எங்கள் தெருவில் நடைபாதைக்கு டைல்ஸ் பதித்த ஒப்பந்த ஆட்கள், பன்னிரண்டு ஆண்டு வளர்ந்த ஒரு பூவரசின் அடியைச் சிமெண்டால் மெழுகிவிட்டுப் போனார்கள். அது இறுகுவதற்கு முன் அன்று மாலையே மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்து உளியால் பெயர்த்தோம். பட்டையை ஒட்டி உளி இறங்கியபோது சிமெண்டோடு ஒரு கை அகலப் பட்டையும் வந்துவிட்டது. அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆகவே, பதிக்கும் நாளன்று காலையில் செங்கல்லால் சதுரம் கட்டி இடத்தை ஒதுக்கிவிடுங்கள். கட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் கொத்தனார் அதற்கு மதிப்புக் கொடுக்கிறார்.

10. தெருவைத் தோண்டும் நாள்

மழைநீர் வடிகாலுக்காகவோ குழாய்க்காகவோ தோண்ட வருபவர்களிடம் சண்டையோடு தொடங்காதீர்கள். பொக்லைன் ஓட்டுநருக்கு ஒரு நேர்க்கோடு கொடுக்கப்பட்டிருக்கிறது. மரம் எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை. தளத்தில் இருக்கும் பொறியாளரைக் கேட்டு, முத்திரையிட்ட கடிதத்தைக் காட்டி, மரத்தின் இருபுறமும் 2 மீட்டர் தூரத்துக்கு இயந்திரம் இல்லாமல் ஆளால் வெட்டச் சொல்லுங்கள். பெருவிரலைவிடத் தடித்த வேரை வெட்டியே தீரவேண்டுமானால், பொக்லைனால் பிய்க்காமல் ரம்பத்தால் அறுக்கவேண்டும். பிய்த்த வேர் உள்ளே வெகுதூரம் பிளந்து அழுகும். திறந்து கிடக்கும் வேர்மேல் ஈரச்சாக்கு போடுங்கள். ஒரே பக்கத்து வேர்கள் முழுவதும் போய்விட்டால், வரும் பருவமழைக்கு முன் எதிர்ப்பக்கத்தின் பாரத்தைக் குறைக்கும்படி பூங்காத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

மரத்தையே எடுக்கப்போவதாகச் சொன்னால், அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கடிதம் இல்லையென்றால் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் அழைத்துப் புகார் எண் பெற்று, தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகாரில் “மரத்தை அழிக்கிறார்கள்” என்று எழுதுவதைவிட, “கதவு எண் இன்னதற்கு எதிரில் உள்ள வேம்பின் கிழக்குப் பக்க வேர்கள், தண்டிலிருந்து இரண்டடித் தூரத்தில் வெட்டப்படுகின்றன” என்று எழுதினால் நேரில் வருபவருக்கு எதைப் பார்க்கவேண்டும் என்று தெரியும்.

11. கிளை கழித்தல்

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், மழைக்கு முன், கழிப்பது நல்லது. காய்ந்த கிளை, கம்பியைத் தொடும் கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை ஆகியவற்றோடு நிறுத்துங்கள். உச்சியை மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் ஒரு கொத்துத் தளிர் கிளம்பும். அவை பட்டையை மட்டுமே பிடித்து நிற்பவை, அடுத்த புயலில் முதலில் முறிபவையும் அவைதான்.

தடித்த கிளையை மூன்று வெட்டில் எடுக்கவேண்டும்: தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து பாதி, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து முழுவதும், கடைசியில் மிச்சக் கட்டையை அதன் அடிப்புடைப்பை விட்டு நேராக. ஒரே வெட்டில் எடுத்தால் கிளை தொங்கித் தண்டுப்பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். மின்கம்பியை ஒட்டிய கிளையை நீங்கள் தொடவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் பதிவு செய்யுங்கள். கோடையில் காகக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஆளை ஏற்றுங்கள்.

12. புயலுக்கு மறுநாள்

நான்கைந்து ஆண்டுக்கு உட்பட்ட மரம் வேரோடு சாய்ந்திருந்தால், இரண்டு நாட்களுக்குள் நிமிர்த்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. அறுப்பு இயந்திரத்தோடு சாலையைத் திறக்க வரும் குழுவுக்கு அதை ஆராய நேரம் இராது. அவர்கள் வருவதற்கு முன்பே “இது எடுக்கவேண்டாம், நிமிர்த்தப் போகிறோம்” என்று அட்டை கட்டிவிடுங்கள். வேரை ஈரச்சாக்கால் மூடி, குழியைப் பின்பக்கமாக அகழ்ந்து, நான்கு பேர் மெல்லத் தூக்கி, மூன்று திசையிலும் முட்டுக் கொடுத்து, இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். அதன்பின் அது ஒரு புதுக்கன்று. இரண்டு கோடைத் தண்ணீர்க் கணக்கு மீண்டும் முதலிலிருந்து.

13. மரத்தடியும் சருகும்

திறந்துவிட்ட அந்த ஒரு மீட்டர் மண்ணில், ஒரு மழைக்குப் பிறகு தும்பை, கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி ஆகியவை தாமே முளைக்கும். ஆய்வுக்கு யாரேனும் வருகிறார்கள் என்றால் தெரு முழுவதும் மண்வெட்டியால் சீவப்படும். அதில் பார்த்தீனியக் களையும் போகும், தும்பையும் போகும், கன்றின் மேல்வேரும் சேர்ந்தே போகும். பாத்தியைச் சுற்றி ஒரு வரிசைக் கல் வைத்துவிட்டால், அது யாரோ வளர்ப்பது என்று தூய்மைப் பணியாளர் விட்டுவிடுகிறார். அதோடு அவரிடம் நேரில் பேசுவதும் அவசியம். எங்கள் தெருவைக் கூட்டும் அம்மாவுக்கு மூக்கிரட்டைக் கீரை கூட்டுக்கு ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இடம் சற்றுக் கூடுதலாக இருந்தால் ஆவாரையும் நொச்சியும் வைக்கலாம். காலி மனையோரத்தில் எருக்கு முளைத்திருந்தால் வெட்டாதீர்கள்; வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். சரக்கொன்றை இலையை ஒரு வாரத்தில் புழு மொட்டையாக்கிவிட்டதென்று யாராவது மருந்தோடு வந்தால், இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் மஞ்சள் கலந்த வெள்ளைச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சியின் புழு. இலை திரும்ப வரும்.

கூட்டிய சருகைத் தெருவோரத்தில் கொளுத்துவதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்துள்ளன. மேலும் அந்தத் தீ பெரும்பாலும் மரத்தடியிலேயே மூட்டப்படுவதால், தண்டின் ஒரு பக்கம் வெந்துபோகிறது. சருகை அதே பாத்தியில் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டுவிடுங்கள். கோடையில் அடியைக் கையால் விலக்கிப் பார்த்தால், மேலே சுடும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். மிஞ்சும் சருகுக்கு, பக்கவாட்டில் துளையிட்ட பழைய நீல டிரம் ஒன்றை, இலை விழுவதைப் பற்றி முதலில் புகார் சொன்ன வீட்டுக்காரரின் அனுமதியோடு அவர் வாசலோரம் வைத்திருக்கிறோம். ஆடியில் புதுக்குழிகளுக்கு வேண்டிய எரு அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது.